ரீச்சர்ர கம்பி

நம்ம பக்கத்தில் ஒரு அதிபர் ஓய்வு பெற்றுப் போகிறார் என்றால் ஊர் அவரைச் சும்மா போகவிடாது. றோட்டிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை வாழை கட்டி, பேண்ட் அடித்து, நடுவில் நடக்கவிட்டுக் கூட்டி வந்து, மேடையில் ஏற்றி, கழுத்தில் இனி இடமில்லை என்கிற மட்டுக்கும் மாலை போடும். வேலையில் இருந்த காலத்தில் உடைந்த கதிரை ஒன்றைத் திருத்த ஆளனுப்பாத அபிவிருத்திச் சங்கம் அன்றைக்குப் பொன்னாடையோடு முன்னுக்கு நிற்கும். வசந்தாதேவி ரீச்சருக்கும் இந்தக் கூத்தெல்லாம் தை மாதக் கடைசியில் நடக்க இருந்தது. நடக்கவில்லை. பொங்கல் கழிந்த கிழமை அவருடைய வயல் வேலியில் ஒரு மனிதன் செத்துக் கிடந்தான்.

செத்தவன் சிவதர்சன். ரீச்சரிடம் படித்தவன். பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பப் பாடம் தொடங்கியபோது அதன் முதல் அணியில் இருந்த பொடியன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிற அந்த ஊரில் யாருடைய தண்ணீர் மோட்டோர் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கலியாணம் முடித்து ஒரு பெண்பிள்ளையும் உண்டு. அவன் செத்துக் கிடந்த வேலியில் தொங்கிய கறண்ட் பெட்டியும் அவன் கையால் செய்ததுதான். அதனால் ஊர் ஒரே நாளில் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டது. தான் செய்த சாமானே அவனைத் தின்றுவிட்டது, அதைச் செய்யப் பழக்கினது பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கிறுக்கைப் பிடிப்பித்தது ரீச்சர். அவ்வளவுதான் கதை.

ரீச்சருக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது சண்டைக் காலத்துக் கதை. அப்போது அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிற இளம் ரீச்சர். வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரைக்கு ஒரு சின்ன ரோச் பற்றறிகூடக் கொண்டுவர முடியாது. வவுணதீவுச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ரீச்சர் கரும்பலகையில் பற்றறி கீறுவார், பல்ப் கீறுவார், இரண்டையும் கோட்டால் தொடுப்பார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கீறிச் சோதினையில் நல்ல புள்ளி எடுப்பார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் ஒரு பல்பைக் கையில் பிடித்ததில்லை. இந்த வெட்கம் ரீச்சரை விட்டுப் போகவேயில்லை.

அதிபராக வந்தபிறகு தொழில்நுட்பக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். சாமான்களும் வந்தன. வந்த சாமானைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள், பழுதானால் யார் பதில் சொல்வது என்று. ரீச்சர் ஒரு நாள் அந்தப் பூட்டை ஆக்களைக் கொண்டு அறுப்பித்தார். இதென்ன சாமி அறையா, கும்பிட்டுப்போட்டுப் போக, என்று கேட்டாராம். முஸ்லிம் ஊரான ஏறாவூரிலிருந்து தினமும் செங்கலடி வழியாக மோட்டார் சைக்கிளில் வருகிற நௌஷாட் சேர் அந்தப் பாடத்துக்கு வாய்த்தார். இரண்டு பேருமாகப் பிள்ளைகளின் கையில் குறடும் ஈயம் உருக்கிற கோலும் கொடுத்தார்கள். பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொண்டார்கள், மோட்டோரைக் கழற்றிவிட்டுப் பூட்டத் தெரியாமல் முழித்தார்கள், பிறகு பூட்டினார்கள். கறுத்த நகத்தோடு வீட்டுக்குப் போன பெட்டைகளைப் பார்த்துத் தாய்மார் ஏசினார்கள்.

இனி வேலிக் கதை. அந்தப் பக்கத்து வட்டைகளில், அதாவது பரந்த வயல்வெளிகளில், கதிர் பால் பிடிக்கிற காலத்தில் யானை இறங்கும். பட்டாசு கொளுத்தியும் பந்தம் பிடித்தும் சலித்துப்போன ஆக்கள் ஒரு வேலை பழகிக்கொண்டார்கள். மோட்டோருக்கு வருகிற கறண்டை நேரே வேலிக் கம்பியில் கொடுத்துவிடுவது. யானை பட்டால் யானை விழும், மாடு பட்டால் மாடு விழும், மனிதன் பட்டால் அவனும் விழுவான். குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்வார்கள். ஆனால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். இரவில் கம்பியில் கறண்ட் கொடுத்தவன் விடியும்போது அதைக் கழற்றிவிட்டு நீட்டி ஒரு கூக் கொடுக்க வேண்டும். அந்தக் கூச்சத்தம் கேட்காமல் யாரும் வரம்பில் கால் வைக்க மாட்டார்கள்.

ரீச்சருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு கூக்குரலை நம்பி ஒரு ஊர் நடக்கிறதா என்று சிவதர்சனையும் அவனுடைய வகுப்பையும் வைத்து வேறொரு பெட்டி செய்வித்தார். பழைய மோட்டார் சைக்கிள் கொயில், ஒரு பற்றறி, அதை ஊட்ட ஒரு சோலர் தட்டு. கறண்ட் விட்டுவிட்டுத்தான் கம்பியில் ஓடும், கண் வெட்டுகிற நேரத்துக்கு. யானைக்குச் சுள்ளென்று அடிக்கும், அது திரும்பிவிடும். ஆளைப் பிடித்து வைக்காது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் ரீச்சர் தானே முதலில் கம்பியைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுத் துள்ளிச் சிரித்தார்கள். அன்றைக்குச் செய்த இரண்டு பெட்டியில் ஒன்று கூடத்தில் இருந்தது. மற்றதை ரீச்சர் தன்னுடைய வயலிலேயே கட்டுவித்தார். ஊர் அதற்கு ரீச்சர்ர கம்பி என்று பேர் வைத்தது. அந்த வட்டையில் அந்த வயலுக்கு மட்டும் கூச்சத்தம் தேவையில்லை.

அந்த வேலியில்தான் சிவதர்சன் செத்துக் கிடந்தான்.

அன்றைக்கு வெள்ளன ரீச்சரின் வீட்டுக்காரர் வீரகத்தி நனைந்து நடுங்கி வயலிலிருந்து ஓடி வந்தார். சிவதர்சன் கம்பியடியில் கிடக்கிறான், மூச்சில்லை, என்றார். ரீச்சர் செருப்பில்லாமல் ஓடினார். வரம்பில் மழைத் தண்ணீர் நின்றது. பொடியன் ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே மடித்துக் குப்புறக் கிடந்தான், பக்கத்தில் அவனுடைய சாமான் பை. பற்றறி பார்க்க வந்திருப்பான். பிரியாவிடை மேடைக்கு லைற் இழுக்க அன்றைக்கு அளவெடுக்கிற வேலையும் அவனுடையதுதான், அதனால் வெள்ளன வந்திருப்பான். பொலிஸ் வந்தது. கம்பியையும் பெட்டியையும் பார்த்தது, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனது. பெரியாஸ்பத்திரியில் மின்சாரம் தாக்கிய மரணம் என்று சொன்னார்கள். எந்த மின்சாரம் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தொழில்நுட்பக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டி வைப்பம் மெடம் என்றார். கொஞ்ச நாள் என்று சொன்னால் எத்தனை வருசம் என்று ரீச்சருக்குத் தெரியாதா. நௌஷாட் சேருக்கு விசாரணை என்றார். அதற்குள் ஊரில் வேறொரு கதை கிளம்பியிருந்தது, ஏறாவூர் சேர் பிள்ளைகளுக்கு என்னத்தையெல்லாம் பழக்குகிறாரோ என்று. அதை வாய்விட்டுச் சொன்னவர்கள் கொஞ்சப் பேர்தான். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள் நிறையப் பேர். அதிகாரி கடைசியாக ரீச்சரைத் தனியே கூப்பிட்டு, பழைய மாணவன் ஒருவன் அனுமதி இல்லாமல் தன்பாட்டில் செய்தது என்று சொல்லிவிடுங்கள், நீங்களும் மரியாதையாகப் போகலாம், சேருக்கும் பெரிய பாதிப்பு வராது, என்று புத்தி சொன்னார். செத்தவன் மேல் போட்டால் செத்தவன் வந்து சண்டை பிடிக்கவா போகிறான்.

ரீச்சர் அதற்கு ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவருக்கே சந்தேகம் பிடித்திருந்தது. கணக்கு எங்கேயாவது பிழைத்துவிட்டதா? மழை ஈரத்தில் பெட்டிக்குள் ஏதும் ஒட்டிப்போனதா? அப்படியென்றால் தொட்டுப் பார் தொட்டுப் பார் என்று எத்தனை பிள்ளைகளை அந்தக் கம்பியில் பிடிக்கவிட்டேன் என்று நினைக்க, உடம்பெல்லாம் கூசியது. நௌஷாட் சேரும் அவருமாகக் கூடத்தில் இருந்த மற்றப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். நௌஷாட் சேர் தன் விரலையே கொடுத்துப் பார்த்தார்.

"வல்லாஹி, இது ஆளைக் கொல்லாது ரீச்சர்," என்று ஆணையிட்டார் நௌஷாட். "என்னை எங்க வேணுமெண்டாலும் மாத்தட்டும். அது பரவாயில்ல. ஆனா இது கொல்லாது."

"அப்ப அவன் எப்பிடிச் செத்தவன் சேர்?"

நௌஷாட் சேர் பெட்டியின் மூடியைப் பூட்டினார். அவருக்கு ஒரு நினைப்பு இருந்திருக்கும். ரீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மாசி பிறந்து மழை விட்டது. ஒரு பின்னேரம் ரீச்சர் வயலுக்குப் போனார். சும்மாதான் போனார், வீட்டில் இருக்க ஏலாமல். நெல் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இரவில் காவலுக்குப் படுக்கிற வாடியடியில் தண்ணீர் மோட்டோருக்கு ஒரு சின்னக் கொட்டில் உண்டு. அதற்குள் நிழலுக்கு ஒதுங்கியவரின் கண் தானாகச் சுவரில் மோட்டோருக்குக் கறண்ட் கொடுக்கிற கட்டவுட் பெட்டியில் விழுந்தது. வருசக்கணக்காகக் கழற்றாத ஆணித் தலைகள் தூசி பிடித்துக் கறுத்திருந்தன. இரண்டு ஆணி மட்டும் திருப்புளி பட்டுப் பளபளத்தன. அந்த இரண்டின் கீழும் கறுப்பு வயரின் நுனி ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. குறட்டால் அவசரமாக வெட்டின வெட்டு. கூரையோடு ஒட்டி, வேலிப் பக்கமாக, வயர் போகிற அளவுக்கு ஒரு ஓட்டையும் இருந்தது. ரீச்சருக்கு யாரும் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. அவர் அந்த நிலத்திலேயே குந்தினார்.

வீட்டுக்கு வந்தபோது வீரகத்தி குசினியில் நின்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து மத்தியானச் சமையல் ரீச்சர், இராச் சமையல் அவர். ஷெல் விழுந்த காலத்தில் ரீச்சரைச் சைக்கிளில் ஏற்றிச் சோதனைச் சாவடி தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து உழுத மனிதர். நாலு பேர் கூடுகிற இடத்தில் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. செப்பலி மீனுக்குப் புளியாணம் கொதித்துக்கொண்டிருந்தது. ரீச்சர் வாசற்படியில் நின்று, மோட்டோர்க் கொட்டிலுக்குப் போனேன் என்று மட்டும் சொன்னார். வீரகத்தியின் அகப்பை நின்றது. அடுப்பைத் தணித்தார். பிறகு பலகையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"மழைக்குள்ள பற்றறி ஏறல்ல வசந்தி. ஒரு கிழமையா வெயிலில்ல. பெட்டி செத்துப்போச்சு. மேற்கால வரம்பு முழுக்க யானை மிதிச்சிட்டு. உனக்குச் சொன்னா நீ விடமாட்டாய்."

"எத்தின நாளாப் போட்ட நீங்க?"

"கொஞ்ச நாள். விடியக்குள்ள கழட்டிப்போடுவன். அண்டைக்கு அடமழை. கண் அயந்திட்டன். எழும்பி ஓடிப் பாக்கக்குள்ள பொடியன் கிடந்தான்."

"மற்ற நாளுகளில விடியக்குள்ள கூக் குடுத்திருந்தா, அண்டைக்கு அது கேக்கும்வரை அவன் நிண்டிருப்பானே. இரவில வைக்கிற நேரமெண்டாலும் ஒரு கூக் குடுத்திருந்தா ஊர் அறிஞ்சிருக்குமே."

வீரகத்தி நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை.

"எப்பிடிக் குடுக்கிற? கூக் கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே. ரீச்சர்ர புருசனே நேர்க் கறண்ட் போடுறான் எண்டு சந்தியில நிண்டு சிரிப்பானுகள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஆள் நீ. உன்ட பேரைக் கெடுக்கப்படாதெண்டுதான் சத்தமில்லாமச் செஞ்ச நான்."

ரீச்சருக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப் பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. உங்களுக்குத் தெரியுமல்லவா, அந்தப் பொடியன் மேல் பழி போகிறது, சேர் மேல் போகிறது, கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், எல்லாம் தெரிந்துகொண்டா இந்த நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டீர்கள் என்று கேட்டார். அதற்கு வீரகத்தி, சொன்னால் பொலிஸ் பிடித்து மறியலில் போடுமே என்றார். அறுபத்தைந்து வயதில் மறியலுக்குப் போய் நான் திரும்பி வருவேனா, நீ தனியே இந்த வீட்டில் என்ன செய்வாய், என்றார். சொல்வதால் செத்தவன் எழும்பப் போவதில்லை என்றும் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மைதான். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

சிவதர்சனின் முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாடான அமுதுக்கு ரீச்சர் போகவில்லை, போக முகமில்லை. அது முடிந்த பிறகு ஒரு காலைநேரம் தனியே போனார். சிவதர்சனின் பெண்சாதி றஞ்சிதா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ரீச்சரைக் கண்டதும் எழும்பிக் கதிரை எடுத்து வைத்தாள். ரீச்சர் சொல்லிவிடத்தான் போயிருந்தார். வழி நெடுகச் சொற்களைக் கோர்த்துக்கொண்டு போனவர், அந்தக் கதிரையில் இருந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சலாமே, இப்போது பரவாயில்லையா, என்றுதான் கேட்டார்.

றஞ்சிதா தானாகவே கதைத்தாள். மாமி தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். தன் மகன் கறண்டோடு விளையாடித் தன்னைத்தானே கொன்றுபோட்டான், நீ அவனைத் தடுக்கவில்லை, என்று மாமி போகிற வருகிற ஆக்களிடம் சொல்கிறாளாம்.

"அவர்ர மீற்றர், ஈயக் கோல், எல்லாத்தையும் கிணத்துக்க போட்டுட்டன் ரீச்சர்," என்றாள். "அவர் செஞ்ச லைற் ஒண்டு புள்ளைர தொட்டிலுக்கு மேல கிடந்தது. அதையும் கழட்டிப்போட்டன். அவர் கைபட்ட சாமானெண்டா இப்ப பயமாக் கிடக்கு."

தள்ளிப்போன பிரியாவிடையை இப்போது வைக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு நீ கட்டாயம் வர வேண்டும், என்றார் ரீச்சர். நான் எப்படி ரீச்சர் அந்த இடத்துக்கு வருவது, என்றாள் றஞ்சிதா. எனக்காக வராதே, அவனுக்காக வா, என்றார் ரீச்சர். அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் வருகிறேன் என்றாள், ரீச்சர் சொன்னால் தட்டிப் பழக்கமில்லாதபடியால்.

பிரியாவிடை அன்று காலையில் ரீச்சர் சேலை உடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வீரகத்தி வெள்ளைச் சேட்டைத் தானே ஸ்திரிக்கை போட்டு உடுத்து, மோட்டார் சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருந்தார்.

"நான் இண்டைக்குச் சொல்லத்தான் போறன்," என்றார் ரீச்சர். "நீங்க வராம இரிங்க. நான் பஸ்ஸில போறன்."

"ஏறு," என்றார் வீரகத்தி.

வழியில் ஒன்றும் கதைக்கவில்லை. இவள் சொல்ல மாட்டாள் என்று நம்பி வந்தாரா, சொல்லட்டும் என்று வந்தாரா, ரீச்சருக்கே அது தெரியாது. பின்னால் இருந்தவர் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனார். எத்தனையோ வருசம் பிடித்த தோள்தான்.

பேண்ட் அடித்தார்கள், வாழைக்குள்ளால் கூட்டிப் போனார்கள், மேடையில் இருத்தினார்கள். வீரகத்திக்கும் ஒரு மாலை போட்டு முன் வரிசையில் இருத்தினார்கள். முதல்நாள் பெய்த எதிர்பாராத மழையில் மைதானத்து மணல் ஊறிக் கிடந்தது. கூட்டத்தின் கடைசியில், வேப்ப மரத்தடியில், றஞ்சிதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வலயத்து அதிகாரி பேசினார். எழுத்துப் படிப்பு மட்டும் போதாது, கையால் செய்து கற்கிற தொழில்நுட்பக் கல்விதான் இந்த நாட்டை நிமிர்த்தும், அதற்கு வழிகாட்டி எங்கள் வசந்தாதேவி மெடம், என்றார். அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் தொழில்நுட்பக் கூடத்தின் கதவில் அவர் போடுவித்த பூட்டுத் தொங்கியது. கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ரீச்சரைப் பேசக் கூப்பிட்டார்கள்.

ரீச்சர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, கூடத்துப் பூட்டின் திறப்பு இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்றார். நௌஷாட் சேரைக் கூப்பிட்டுத் திறப்பைக் கொடுத்தார். மற்றப் பெட்டியையும் ஒரு துண்டுக் கம்பியையும் இரும்பு முளையையும் கொண்டுவாருங்கள் என்றார். அதிகாரி எழும்பி என்ன மெடம் இது என்றார். அதிபர் பொறுப்பைக் கைமாற்றுகிற மட்டும் நான்தான் அதிபர், இரிங்க சேர், என்றார் ரீச்சர். பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது.

சீமெந்து மேடையில் செருப்போடு நின்று கம்பியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. அது அங்கே படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். ரீச்சர் படியால் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஊறின மணலில் நின்றார். நௌஷாட் சேர் முளையை நிலத்தில் அடித்து, பெட்டியைப் பூட்டி, இரண்டு கதிரைக்கு நடுவில் கம்பியை இழுத்துக் கட்டினார். பெட்டி டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கியது. கூட்டம் தானாகப் பின்னுக்கு நகர்ந்தது. ஒரு காலத்தில் அதே கம்பிக்கு வரிசையில் நின்ற ஊர் அது.

ரீச்சர் கம்பியைப் பிடித்தார். தோள்வரை வெட்டி இழுத்தது. மாலை குலுங்கிப் பூ உதிர்ந்தது. விடவில்லை. திரும்ப அடித்தது, திரும்பத் திரும்ப அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு கையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"இது நோகும். கொல்லாது," என்றார். ஒலிவாங்கி இல்லாமலே கேட்டது. "பொலிஸ் கொண்டு போன பெட்டியும் இதுவும் ஒரே பொடியன் ஒரே நேரத்தில செஞ்சது. சிவதர்சன்ர வேலையில பிழையில்ல. நௌஷாட் சேர் படிப்பிச்சதிலயும் பிழையில்ல. அண்டைக்கு எங்கட கம்பியில கிடந்தது மோட்டோர்க் கறண்ட். அதைப் போட்டது என்ட வீட்டுக்காரர். கூக் குடுக்காம போட்டவர்."

முன் வரிசையில் வீரகத்தி எழும்பி நின்றார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "ஓம், நான்தான்," என்றார். அவ்வளவுதான். யாரோ ஒரு கிழவி ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். காவலுக்கு வந்திருந்த பொலிஸ்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்தான், அதிகாரி நிலத்தைப் பார்த்தார். பிறகு பொலிஸ்காரன் வீரகத்தியின் பக்கத்தில் போய் நின்றான். இரண்டு பேருமாக வாசல் பக்கம் நடந்தார்கள். போகிறபோது வீரகத்தி ரீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் திறப்பை மட்டும் நௌஷாட் சேரின் கையில் வைத்துவிட்டு, ரீச்சரை வீட்டில் விடச் சொன்னார்.

சனம் கலைந்தது. சமையற்கட்டில் அண்டா அண்டாவாகச் சோறு கிடந்தது, யாரும் பந்திக்குப் போகவில்லை. சிவதர்சனின் தாய் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, என்ட புள்ள பிழை விடல்ல, என்ட புள்ள பிழை விடல்ல, என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். ரீச்சருக்கு அந்தச் சத்தம் ஒரு ஆறுதலாக இருந்தது. இந்த நாளெல்லாம் நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கினதுபோல இருந்தது. புருசனைக் கொடுத்துவிட்டேன், ஆனால் பொடியனுடைய பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தார். இனிச் செய்ய ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்தார்.

அப்போதுதான் றஞ்சிதா வந்தாள். பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். கம்பியைப் பார்த்தாள். பெட்டி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, நிறுத்த யாருக்கும் நினைவில்லை. அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. வகுப்பில் எழும்பி நின்று கதைக்கிற பிள்ளைபோலத்தான் கதைத்தாள்.

"ரீச்சர், அவர் பயந்த ஆள்," என்றாள். "எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த வயலுக்குப் போனாலும், கறண்ட் இருக்கா எண்டு ரெஸ்ரரால பாக்காம ஒரு வயரையும் தொடமாட்டார். எங்கட வீட்டுச் சுவிச்சக்கூட அப்பிடித்தான். நான் சிரிப்பன். அண்டைக்கும் ரெஸ்ரர் பைக்குள்ளதான் கிடந்தது. வெளியில எடுக்கல்ல."

ரீச்சர் குனிந்து பெட்டியை நிறுத்தினார்.

"வேற ஆக்கள்ர கம்பியெண்டா எடுத்திருப்பார். உங்கட கம்பியெண்ட படியாத்தான் கையால தொட்டவர்."

"ஓம் புள்ள," என்றார் ரீச்சர்.